பொட்டு வைத்த கணினி

ஜெராக்ஸ் கடையின் கிழட்டுக் கணினிக்கு ஆயுத பூஜையில் வைத்த சந்தனப் பொட்டு இன்னும் உதிரவில்லை.

"உனக்கு அப்டேட் வர்றதே நின்னுபோச்சே, பயமா இல்லையா?" என்றது பிரிண்டர்.

"என்னை மாதிரி கிழத்தை எந்த வைரஸ் சீண்டும்? அதுங்களுக்குப் புதுசுதான் வேணும்" என்றது கணினி.

அப்போது ஒருவர் பென் டிரைவைச் செருகினார். அதிலிருந்து வைரஸ் ஒன்று இறங்கியது. "புதுசுங்க எல்லாம் கதவைப் பூட்டிக்குதுங்க. இங்கதான் தாழ்ப்பாளே இல்ல" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

ஊரார் ஸ்கேன் செய்து வைத்த சான்றிதழ் ஒன்றுகூடத் திறக்கவில்லை. பதறிப்போன கடைக்காரர் தணிகாசலம், "கண்ணு பட்டுடுச்சு" என்று கணினிக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டு, கற்பூரம் காட்டினார்.

உள்ளேயிருந்த வைரஸ் பயபக்தியோடு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.