முட்டிக்கொள்ள ஆளில்லை

ஷெர்ரி ஒயின் ஊறிய பழைய பீப்பாய்க்குள் ஒரு ஜப்பான் விஸ்கி பன்னிரண்டு வருஷம் கிடந்தது. கிடந்தது என்ன, சண்டைதான். சுமோ மல்லர்கள் மாதிரி கோடையில் விஸ்கி பீப்பாயின் பலகையை முட்டித் தள்ளும், குளிர்காலத்தில் பலகை திருப்பித் தள்ளும். உண்மையைச் சொன்னால் இரண்டில் எதுவும் ஜெயித்ததில்லை.

பிறகு விஸ்கியைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, சுமோ மல்லன் படம் ஒட்டி, கடை அலமாரியில் வைத்தார்கள். பார்த்தவர்கள் எல்லாம் சாம்பியன் என்றார்கள்.

"என்னைக் கொஞ்சம் தள்ளேன்," என்று விஸ்கி பாட்டிலிடம் கேட்டது.

"எதுக்குப்பா வம்பு? நீ சௌகரியமா இரு," என்றது பாட்டில்.

ஒருநாள் அந்தப் பீப்பாய் இருந்த கிடங்கிலிருந்து இன்னொரு விஸ்கி பக்கத்தில் வந்து நின்றது.

"என் பீப்பாய் எனக்காகக் காலியாத்தானே இருக்கு?" என்று முதல் விஸ்கி கேட்டது.

"நீ கிளம்பின மறுநாளே வேற ஒருத்தனை ஊத்திட்டாங்க. ரெண்டும் ஓயாம முட்டிக்குது. சத்தம் தாங்கல."

"என்னைப் பத்திப் பீப்பாய் எதுவும் கேக்கலையா?"

"அதுக்கு எங்கய்யா நேரம்?"

விஸ்கி இருந்த பலத்தையெல்லாம் கூட்டி பாட்டிலை ஒரு முட்டு முட்டியது.

"மன்னிச்சுக்கோப்பா," என்றது பாட்டில். "இடைஞ்சலா நிக்கிறேனா?"