பேரிக்காயின் மூச்சு

"பறிச்ச பிறகும் அதுக்கு உயிர் இருக்குன்னு அன்னிக்குச் சொன்னியே, அது நிஜமாம்மா?"

குளிர்பதனக் கிடங்கின் பொறுப்பாளர் நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் பேரிக்காய் லாரி ஓட்டுபவர் நின்றிருந்தார். அவர் லாரி ஓட்டும் வேகத்துக்குக் கிடங்கில் எல்லோரும் வைத்த பெயர் புயல். இன்று லாரியும் இல்லை, லோடும் இல்லை. சட்டைப் பொத்தான்கள் துளை மாறிப் போடப்பட்டிருந்தன.

இரண்டு பேருக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம். பெட்டிகளை வெயிலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவார். "அது உயிருள்ள சரக்கு, அண்ணே" என்று அவள் சத்தம் போட்டால், "அப்ப அடுத்த தடவை முன் சீட்டுல உட்கார வச்சுக் கூட்டிட்டு வரேன்" என்று சிரிப்பார்.

பேரிக்காய்த் தோட்டக்காரர்கள் கிடங்கை ஆழம் பார்க்க அவரை அனுப்பியிருக்கிறார்களோ என்று அவளுக்குச் சந்தேகம் தட்டியது. இருந்தாலும் கம்பளிக் கோட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். "உள்ள வாங்க, காட்டறேன்."

கனமான கதவு நகர்ந்தது. உள்ளே கூரை வரைக்கும் பேரிக்காய்ப் பெட்டிகள். விசிறிகளின் ஒரே சீரான ரீங்காரம். புயல் செருப்பைக் கழற்றப் போனார்.

"இங்க கழற்ற வேண்டாம், அண்ணே. கால் விறைச்சுடும்."

அவர் ஒரு பேரிக்காயை இரண்டு கைகளாலும் எடுத்தார். பெட்டிகளைத் தூக்கி எறிகிற அந்தக் கைகளா இவை என்று அவளுக்கு வியப்பாக இருந்தது.

"இது மூச்சு விடுதா?"

"விடுது. சூட்டுல வேகவேகமா மூச்சு வாங்கித் தன்னைத்தானே தின்னு தீர்த்துக்கும். குளிர்ல நிதானமாயிடும். உள்ள இருக்கிற உயிர் கொஞ்சம் கொஞ்சமாத்தான் செலவாகும்."

"அடிபட்டதா இருந்தா?"

"அடிபட்டதுதான் இன்னும் வேகமாக் கெடும். அதைத்தான் முதல்ல குளிர வைக்கணும்."

"குளிர்ல வச்சா அடி ஆறிடுமா?"

"ஆறாது. மேல பரவாமப் பிடிச்சு நிறுத்தும். அதுவே பெரிசு."

புயல் பேரிக்காயை மெதுவாகப் பெட்டியில் திரும்ப வைத்தார். "குளிர் கூடிப் போச்சுன்னா?"

"அதுவும் ஆபத்துதான். ஒவ்வொண்ணுக்கும் ஓர் அளவு இருக்கு. முன்னல்லாம் எல்லாத்தையும் ஒரே அறையில அடைச்சு வைப்பாங்க. வெள்ளரிக்காய் வெளியே பார்க்க நல்லா இருக்கும், உள்ளே வெந்த மாதிரி ஆயிடும். இப்ப தனித்தனி அறை. அளவு பிசகாம ஆள் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

"பார்த்துக்கிட்டேதான் இருக்காங்க" என்றார், யாருக்கோ சொல்வது போல.

வெளியே வந்து கதவைச் சாத்தியதும், சுவரில் இருந்த கரியமில வாயு மீட்டரை அவள் காட்டினாள். "உள்ள மனுஷங்க யாரும் இல்ல. ஆனா இந்த எண்ணைப் பாருங்க. அத்தனை பழமும் விடுற மூச்சு இது."

கண்ணெதிரிலேயே கடைசி இலக்கம் ஒன்று கூடியது. புயல் அசையாமல் நின்றார். எத்தனையோ வருஷமாக அவர் கொண்டு வந்து இறக்கிய சரக்கு, இருட்டு அறைக்குள் சத்தமில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் முகத்தைப் பார்த்த அவளுக்கும், தினம் பார்க்கிற அந்த எண் அன்றைக்குப் புதிதாகத் தெரிந்தது.

"திரும்பச் சூடாக்கும்போது ஒண்ணும் ஆகாதே?"

"அவசரப்படுத்தினாத்தான் ஆகும். கொஞ்சம் கொஞ்சமா வெளிச் சூட்டுக்குப் பழக்கினா, பறிச்ச அன்னிக்கு மாதிரியே இருக்கும்." பிறகு, பொறுக்காமல் கேட்டாள்: "யாரோட சரக்கு, அண்ணே? மறைக்காமச் சொல்லுங்க. என்னால ஆனதைச் செய்யறேன்."

அப்போது அவருடைய செல்போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் போனை அவளிடம் நீட்டினார்.

"எனக்குத் தைரியம் இல்ல. நீயே எடும்மா."

அவள் வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏங்க, சூடாக்கி முடிச்சுட்டாங்க" என்றது ஒரு பெண் குரல். "மூச்சுக்கு வச்ச குழாயையும் எடுத்தாச்சு. இதைக் கேளுங்க."

நூலிழை போல ஓர் அழுகை அந்த நடைவழி முழுக்கப் பரவியது.

புயல் போனை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

"என் பொண்ணும்மா. பொறந்தப்ப மூச்சே விடல, மூளையில அடி பரவாம இருக்க உடம்பைக் குளிர வச்சாத்தான் வழி உண்டுன்னு ஆஸ்பத்திரியில மூணு நாள் குளிர்ல வச்சிருந்தாங்க. இப்பத்தான் முதல் தடவையா அழறா."