தெருப் பக்கச் சுவர்

"அந்த ஆளுக்கு உடம்பு வணங்கலை, அதான் விஷயம்!"

தலைமை ஆசிரியை டீச்சர்களிடம் பொரிந்து தள்ளினார்.

காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி அது. ஏற்கெனவே மூன்று கட்டிடங்களைக் காலி செய்தாகிவிட்டது. அலையோ அலையென்று அலைந்து கடைசியில் கிடைத்தது, மூடிக் கிடந்த ஒரு பழைய ஐஸ் ஃபேக்டரி. இதுவும் கைவிட்டுப் போனால் பள்ளியையே இழுத்து மூட வேண்டியதுதான்.

ஐஸ் உருகாமல் இருக்க, நடுவே தக்கை அடைத்துக் கட்டிய தடித்தடிச் சுவர்கள். மருந்துக்குக்கூட ஒரு ஜன்னல் இல்லை. அதைப் பள்ளிக்கூடமாக மாற்ற வந்த இன்ஜினீயரோ, தெருப் பக்கச் சுவரில் கைவைக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"சார், பிள்ளைங்க எங்க உதட்டையும் கையையும் பார்த்துதான் படிக்குது. வெளிச்சம் வேணும். ஜன்னல் வைங்க!"

"கூரையில கண்ணாடி பதிச்சுடறேன் மேடம். வெளிச்சம் கொட்டும்."

"அந்தக் கனத்த கதவையாவது மாத்துங்களேன்."

"அது இருக்கட்டும் மேடம்."

"காது கேக்காத பிள்ளைங்களே நான் சொன்னா புரிஞ்சுக்குது. உங்களுக்கு ஏற மாட்டேங்குதே!"

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பள்ளி திறந்தது. வெளிச்சம் என்னவோ கொட்டத்தான் செய்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் தலைமை ஆசிரியைக்கு மனசில்லை.

இடைவேளையில் பிள்ளைகள் கூடத்தில் ஆடித் தீர்த்தார்கள். தலைமை ஆசிரியை கதவைச் சாத்திக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினார். எந்த இடத்துக்குப் போனாலும் முதல் நாளே அக்கம்பக்கத்தில் மன்னிப்புக் கேட்டுவிடுவது அவர் வழக்கம்.

"அம்மா, நாங்க எதிர்த்த ஸ்கூலு. எங்க பிள்ளைங்க போடற சத்தம் அதுங்களுக்கே தெரியாது. ரொம்பக் கத்தும். பெரிய மனசு பண்ணி..."

"சின்னஞ்சிறுசுங்க, கத்தாம என்ன பண்ணும்? அது சரி, ஸ்கூல் எப்பத் திறக்கறீங்க?"

"காலையிலயே திறந்தாச்சேம்மா!"

"அப்படியா? ஒரு சத்தத்தையும் காணோமே!"

தலைமை ஆசிரியை திரும்பிப் பார்த்தார். அந்த மொட்டைச் சுவர் கம்மென்று நின்றது.

கதவோரம் ரப்பர் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தார் இன்ஜினீயர். தலைமை ஆசிரியை நேரே அவரிடம் வந்தார்.

"சத்தத்தாலதான் எங்களைக் காலி பண்ண வைக்கிறாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க பழைய ஸ்கூலைப் பார்க்க வந்தேனே மேடம். பிள்ளைங்க வாய்விட்டுச் சிரிச்சாக்கூட டீச்சருங்க உதட்டுல விரலை வச்சுக் காட்டினாங்க."

"இதுக்காகத்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! உங்களை என்னவெல்லாம் பேசிட்டேன்..."

"ஏன் காலி பண்றீங்கன்னு கேட்டதுக்கு, 'ஓனருக்கு இடம் வேணுமாம்'னீங்க. பிள்ளைங்களை விட்டுக்கொடுக்காம பேசினீங்க மேடம். அதைப் போய் நான் கிளறுவேனா?"

தலைமை ஆசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. எப்பேர்ப்பட்ட மனுஷனை என்ன நினைத்துவிட்டோம்!

கதவைத் திறந்தார். காதைப் பிளக்கிற கூச்சல். கத்திக்கொண்டு ஓடிவந்த ஒரு சிறுமி, அவரைக் கண்டதும் பதறிப்போய், தானே உதட்டில் விரலை வைத்துக்கொண்டாள்.

அந்த விரலை மெல்ல எடுத்துவிட்டு, தலைமை ஆசிரியை கைகளால் சொன்னார்:

"இன்னும் சத்தமா!"