பி.சி.யா, ஸ்டேஷனா?

“மாப்ள, பி.சி. வந்தாச்சு! சுருக்கா கூடத்துக்கு வாங்க.”

மாமனாரின் குரல் கேட்டபோது நான் கொல்லையில் முக்காலி மேல் உட்கார்ந்திருந்தேன். தலை தீபாவளி. உச்சந்தலையில் மாமியார் ஊற்றிய நல்லெண்ணெய், இடுப்பில் ஒரு துண்டு.

அப்படியே எழுந்து ஓடினேன்.

கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளுக்கு எடைச்சீட்டு அடித்துக் கொடுக்கிற உத்தியோகஸ்தன், கல்யாணமாகி ஐந்து மாதம்கூட நிறையாதவன், மாமியார் வீட்டில் எண்ணெய் சொட்டச் சொட்ட ஓடுவது அழகில்லைதான். ஆனால் பி.சி. வந்துவிட்டதே!

எனக்கு இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் கம்ப்யூட்டர் கேம். பெண் பார்க்கப் போனபோது, பையனுக்குக் குடி கிடையாது, சிகரெட் கிடையாது என்று என் அம்மா பெருமையாகச் சொன்னாள். இதைச் சொல்லவில்லை. வேலை விட்டதும் நேராக பிரவுசிங் சென்டருக்குப் போவேன். அங்கே பள்ளிக்கூடப் பையன்கள் என்னைத் திரும்பத் திரும்பச் சுட்டுக் கொல்வார்கள். செத்தது போதும் என்று தோன்றும்போது வீட்டுக்கு வருவேன்.

“இன்னிக்கு லோடு ஜாஸ்தி” என்பேன் என் மனைவி வினிதாவிடம். அவள் சோற்றை எடுத்து வைத்துவிட்டு டி.வி. முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பாள்.

சரி, வீட்டிலேயே ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். எதை வாங்குவது என்பதில்தான் தகராறு. கேம் ஆடுவதற்கென்றே நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட பி.சி. வாங்கலாம். இல்லாவிட்டால், டி.வி.யில் மாட்டி ஆடுகிற ப்ளே ஸ்டேஷன். ஒரு மாதமாக எனக்கும் நண்பன் சேக் பரீதுக்கும் இதே பேச்சு. கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லக்கூட நான் இவ்வளவு யோசிக்கவில்லை.

முந்தாநாள் இங்கே வந்ததும் மொட்டை மாடியில் நின்று அவனிடம் போனில் புலம்பினேன். “முடிவே பண்ண முடியலடா. பி.சி.ன்னா நெறையக் குடுக்கணும். ஸ்டேஷன்னா கம்மியில முடிஞ்சிரும்.”

கீழே மாமனார் நின்றிருந்தார். அவர் காதில் விழட்டும் என்றே கொஞ்சம் சத்தமாகப் பேசினேன். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டால் அசிங்கம். தானாகக் காதில் விழுந்தால் அது அசிங்கத்தில் சேராது.

நன்றாகவே விழுந்திருக்கிறது.

கூடத்துக்குள் நுழைந்து அட்டைப்பெட்டியைத் தேடினேன். பெட்டி எதுவும் இல்லை. ஸ்டூல் மேல் சிவப்புத் தொப்பி ஒன்று இருந்தது. பக்கத்தில் காக்கி உடுப்பில் ஒரு போலீஸ் கான்ஸ்டபிள் உட்கார்ந்து அதிரசம் தின்றுகொண்டிருந்தார்.

“நமக்குத் தெரிஞ்ச பி.சி.தான். வைத்தியலிங்கம்” என்றார் மாமனார். சொல்லிவிட்டுத் தெருக்கதவைச் சாத்தினார்.

என் மாமனார் மாணிக்கவேல் கருக்களாச்சேரியில் விசைப்படகு வைத்திருப்பவர். அவர் அதட்டினால் கரையில் நிற்கிற நாய்கூட வாலைச் சுருட்டும். அன்றைக்கு அவர் கிசுகிசுப்பாகத்தான் பேசினார்.

“என்ன கேஸா இருந்தாலும் சொல்லிருங்க மாப்ள. ஸ்டேஷன் வரைக்கும் போவ வேணாம். படக வித்தாச்சும் நான் பாத்துக்கிறேன்.”

எனக்கு விஷயம் விளங்கவே சிறிது நேரம் பிடித்தது. விளங்கியதும் கால் எண்ணெயில் வழுக்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

பேசாமல் கேஸ் உள்ளவனாகவே இருந்துவிடலாமா? சத்தியமாக யோசித்தேன். இந்த வயசில் விளையாட்டுச் சாமானுக்கு அலைகிறான் என்பதைவிட அது கௌரவம். இந்த வீட்டில் எனக்கும் ஒரு கெத்து வரும். ஆனால் அடிதடி என்பதா, மோசடி என்பதா? அதிலும் முடிவு பண்ண முடியவில்லை.

மாமனாரின் கண்ணைப் பார்த்தேன். தூக்கமில்லாமல் சிவந்திருந்தது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று இருந்தது.

“மாமா... அது விளையாட்டுச் சாமான் மாமா.”

துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு, டி.வி., மொட்டை மாடி உட்பட. மாமனார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “அட மாரியாத்தா!” என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

வைத்தியலிங்கம் அதிரசத்தைக் கீழே வைத்தார். விரலைத் துடைத்துக்கொண்டு, விசாரணைக் குரலிலேயே கேட்டார். “எம் பையனும் இதக் கேட்டுத்தாங்க உசுர எடுக்குறான். ரெண்டுல எதுங்க நல்லது?”

ஒரு மாதம் ஆராய்ச்சி செய்தவன் நான். காரைக்கால் முழுக்கத் தேடினாலும் இந்த விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. வாயைத் திறந்தேன். “பி.சி.ன்னா...” என்று ஆரம்பித்து, “இல்ல, ஸ்டேஷன்னா...” என்று இழுத்தேன்.

“ஸ்டேஷன்தாங்க” என்றாள் வினிதா.

புதுப்புடவையும் கையில் சீயக்காய்க் கிண்ணமுமாக அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். இவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று, இதைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். “அடிப்பாவி, ஒனக்குத் தெரியுமா?”

“மாப்ளைக்கு என்ன கவலன்னு நீங்க கேட்டீங்க. ஒரு மாசமா போன்ல இவரு பேசுறதெல்லாம் எங் காதுல வுழாதா? பி.சி.யா ஸ்டேஷனான்னுதான்னு சொன்னேன். நீங்க பி.சி.யக் கூட்டியாருவீங்கன்னு நான் கண்டேனா? வந்துட்டாரு, சரி, கொஞ்ச நேரம் நடக்கட்டும்னு வுட்டேன்.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் சிரிக்கவில்லை.

“பி.சி.ன்னா நீங்க மட்டும் ஒக்காந்து ஆடுவீங்க. ஸ்டேஷன்னா ரெண்டு பேரு ஆடலாம்.”