அடிக்கோடு

காலை வெயில் விரித்த வேதாகமத்தின் மேல் சாய்ந்து கிடக்கிறது. பள்ளிக்குக் கிளம்புமுன் கணக்கு டீச்சர் இன்றைய பகுதியை வாசிக்கிறாள். மன்னிக்கச் சொல்லும் வசனம். ஆண்டுக்கொரு முறை முழுதும் வாசித்து முடிப்பவள். ஓரத்தில் அவள் கையெழுத்திலேயே ஐந்து வருடத் தேதிகள். தங்கையோடு முகம் கொடுத்துப் பேசியும் ஆறு வருடமாகிறது. மேஜையில் போன் உறுமுகிறது. மகள் எட்டிப் பார்க்கிறாள். "சித்திதான்மா. பத்து மணிக்கு ஆபரேஷன்னு எனக்கு மெசேஜ் போட்டிருந்தாங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம்." "பைபிள் வாசிக்கிறப்ப தொந்தரவு பண்ணாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" மகள் நகரவில்லை. போன்தான் நகர்ந்து நகர்ந்து மேஜை விளிம்புக்கு வந்து ஓய்கிறது. டீச்சர் ஸ்கேலை வைத்து, வசனத்தின் கீழிருந்த பழைய கோட்டின் மேலேயே சிவப்பு மையில் இழுக்கிறாள். ஓரத்தில் ஆறாவது தேதியை எழுதுகிறாள். கோடு கொஞ்சமும் கோணவில்லை.