அறிமுக உரை

கருத்தரங்கில் பேராசிரியர் இருதயராஜை அறிமுகம் செய்யும் பொறுப்பை அமிர்தவல்லியிடம் கொடுத்திருந்தார்கள். இருவரும் ஒரே வகுப்பில் வரலாறு படித்தவர்கள். அவர் துறைத்தலைவராகி நான்கு நூல்களும் எழுதிவிட்டார். அவள் ஒரு சிறிய கல்லூரியில் இன்னும் உதவிப் பேராசிரியர்.

அவர் எழுதி அனுப்பியிருந்த தாளை அவள் மேடையில் வாசித்தாள். பிறந்த ஊர், பட்டங்கள், விருதுகள். ஈடுபாடுகள் என்ற இடத்தில் பழைய வரைபடங்கள், வயலின், மாடித்தோட்டம் என்று இருந்தது. தோட்டம் போடக்கூட இவருக்கு நேரம் இருந்திருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது. அடுத்த வரி, அவருக்குப் பெயர் வாங்கித் தந்த ஏரிக்கரைக் கல்வெட்டைப் பற்றியது. அதை அவரே கண்டெடுத்து வாசித்ததாக எழுதியிருந்தார்.

அவள் தாளை மடித்தாள். “அந்தக் கல்வெட்டை இவர் தப்பா வாசிச்சார். சரியா வாசிச்சது நான்” என்றாள்.

பழைய தோழியின் கேலி என்று நினைத்து அரங்கம் சிரித்தது. இருதயராஜும் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“அமிர்தம் இல்லாம அது நடந்திருக்காதுங்க. மூணு நாள் உச்சி வெயில்ல எனக்குக் குடை பிடிச்சிட்டு நின்னாங்க.”

குடை பிடித்து நின்றவர் அவர். கல்லுக்கு முன்னால் மண்டியிட்டிருந்தவள் அவள். ஆனால் சொல்லும்போது அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

முன்வரிசை மாணவிகள் அவளைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவள் அவர்களைக் கும்பிட்டுவிட்டு, வந்து உட்கார்ந்தாள்.