நாக்கில் ஒரு சிட்டிகை மண்

பால் காய்ச்சும் விசேஷத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், புது வீட்டுக்கு நல்லது என்று ஆளுக்கொரு பை கல் உப்பு கொண்டுவந்திருந்தார்கள். காலமெல்லாம் மாடி வீடுகளில் குடியிருந்துவிட்டு முதன்முறையாகச் சொந்த மண்ணைக் கண்ட செண்பகவல்லி, கொல்லையில் மண்டியிருந்த கோரைப்புல்லின்மீது அத்தனை உப்பையும் கொட்டினாள். கோரை கருகியது. பிறகு அங்கே நட்ட கத்திரியும் கருகியது, துளசியும் கருகியது.

“மண்ண ஊறுகா போட்டுட்டியேடி! இனிமே புல்லு மொளைக்குதான்னு பாரு” என்று பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா மதிலுக்கு மேலே எட்டிச் சிரித்தாள்.

அன்றிலிருந்து மழை விடும்போதெல்லாம் செண்பகவல்லி ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பாள். கரிக்கும். எங்கோ கிடந்த கடலைத் தானே கூப்பிட்டு வீட்டுக்குப் பின்னால் படுக்க வைத்துவிட்டதாகத் தோன்றும்.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில், வெளுத்த மண்ணைக் கீறிக்கொண்டு ஊசிபோல ஒரு பச்சை நின்றது. கோரையேதான். அவள் கணவன் அம்பலவாணன் குனிந்து அதைப் பிடுங்கப் போனான்.

“தொட்டீங்கன்னா தெரியும்!”

“அடியே, இது களைடி.”

“இருந்துட்டுப் போகட்டும்.” அவள் உள்ளே ஓடிப்போய்க் காய்கறிக் கூடையைக் காலிசெய்து எடுத்துவந்து, கோழி கொத்தாதபடி அதன்மேல் கவிழ்த்தாள். ஈர மண்ணிலேயே பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கூடையின் விளிம்பை ஒரு விரலால் தூக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு, மறுபடியும் பார்த்தாள்.